இறுதி ஆராதனையில் ‘மிஸ்’ பற்றிப் பேசச் சொல்கிறார்கள். டிரினிடாட் பழக்கம் தெரிந்தவர்கள் உதவுங்கள்

தெற்குக்காற்று | ஞாயிறு இரவு

வணக்கம். டிரினிடாட்டில் இருப்பவர்கள், இருந்துவிட்டுப் போனவர்கள் யாராவது இந்தப் பக்கம் வந்தால் கொஞ்சம் நில்லுங்கள். வியாழக்கிழமைக்குள் எனக்கு ஓர் உதவி வேண்டும்.

பாயிண்ட் லிசாஸில் ஓர் ஆலையில் வேலை பார்க்கிறேன். எங்கள் ஆட்கள் எல்லாரும் சான் ஃபெர்னாண்டோவில் வீடு பிடித்தபோது, வாடகை குறைவு என்று நான் மட்டும் பிரின்சஸ் டவுன் பக்கம் வந்துவிட்டேன். ஆறு வருடம் ஆகிறது. தூண்கள் மேல் நிற்கும் பழைய பலகை வீடு. மேலே வீட்டுக்காரம்மா. கீழே, தூண்களுக்கு நடுவில் சுவர் எழுப்பிய இரண்டு அறையில் நான்.

அவர் ஓய்வு பெற்ற ஆசிரியை, பிரெஸ்பிட்டேரியன் சபையில் மூப்பர். எழுபது வயதுத் தாத்தா முதல் கறுப்புக் கோடு போட்ட மேக்ஸி டாக்ஸி ஓட்டும் பையன் வரை ஊரில் எல்லாருக்கும் அவர் ‘மிஸ்’தான். நானும் அப்படியே பழகிவிட்டேன். வெள்ளிக்கிழமை விடியற்காலை மிஸ் போய்விட்டார். 91 வயது. முந்தின நாள் சாயங்காலம்கூட என்னைக் கூப்பிட்டு கேலரியில் பல்பு மாட்டச் சொன்னார். இங்கே வீட்டு முன்தாழ்வாரத்தைக் கேலரி என்பார்கள்.

மகன் டொராண்டோவிலிருந்து நேற்று வந்து இறங்கினார். “கடைசி ஆறு வருடம் அம்மா கூட இருந்தது நீதான். ஆலயத்தில் ஐந்து நிமிடம் நீ பேசு” என்கிறார். மாட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. ஆனால் எனக்குத் தெரிந்தது ஒரு கிழவியின் கடைசி ஆறு வருடம். வரப்போகிறவர்களுக்குத் தெரிந்தது அதற்கு முந்தைய எண்பத்தைந்து. நான் எழுந்து என்னத்தைச் சொல்ல?

தெரிந்ததைச் சொல்கிறேன். 1932-இல் பிறந்தவர். அப்பா கரும்பு வெட்டியவர். 16 வயதில் படித்த பள்ளியிலேயே மாணவ ஆசிரியையாகச் சேர்ந்து, காலையில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லி, சாயங்காலம் தலைமையாசிரியரிடம் தான் பாடம் படித்திருக்கிறார். அப்புறம் நாபரிமா பயிற்சிக் கல்லூரி. பல வருடம் ஐந்தாம் ஸ்டாண்டர்டு (இங்கே தொடக்கப் பள்ளியின் கடைசி வகுப்பு), கடைசியில் தலைமையாசிரியை, 1992-இல் ஓய்வு. ஞாயிறு பள்ளியை மட்டும் விடவில்லை. எங்கள் போதகருக்குப் பார்க்க வேண்டிய ஆலயங்கள் நான்கு. அவர் வராத ஞாயிறுகளில் மிஸ்தான் ஆராதனை நடத்துவார். கைக்கடிகாரத்தைக் கழற்றி முன்னால் வைத்துக்கொண்டு பன்னிரண்டு நிமிடம் பிரசங்கம், அதற்கு மேல் ஒரு வார்த்தை கிடையாது. அறிவிப்பு வாசித்தால் வருகைப் பதிவு எடுக்கிற மாதிரியே இருக்கும். நான் கிறிஸ்தவன் இல்லை. ஆனாலும் இரண்டு தடவை “பிரசன்ட் மிஸ்” என்று சொல்லப்போய் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

வந்த புதிதில் வாடகையோடு ஒரு துண்டுச் சீட்டு எழுதிக் கொடுத்தேன். மறுநாள் அது என் கதவுக்கடியில் திரும்பிக் கிடந்தது. ‘ரிசீவ்’ என்ற ஆங்கிலச் சொல்லில் இரண்டு எழுத்தை இடம் மாற்றி எழுதியிருக்கிறேன். சிவப்பு மையில் வட்டம், பக்கத்தில் ‘மூன்று முறை எழுதவும்’. எழுதிக் கொடுத்தேன். வேறு என்ன செய்வது?

இன்னொன்று. அவர் வகுப்புகளில் மூன்சாமி என்ற குடும்பப் பெயரில் பிள்ளைகள் நிறைய. அந்தப் பெயர் முனுசாமியிலிருந்து வந்தது, நிலாவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று ஒரு நாள் பேச்சுவாக்கில் சொன்னேன். மிஸ் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். “நாற்பது வருடம் அந்தப் பையன்களை நிலா, நிலா என்று கேலி செய்தார்கள். நானும் சிரித்தேன். நீ கொஞ்சம் முன்னால் வந்திருக்கலாம்.” அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும், அறுபது வயது மூன்சாமி ஒருவரை வாசலில் நிறுத்தி, என்னை வைத்துக்கொண்டு அவர் பெயரைச் சரியாகச் சொல்லிக் கொடுத்தார்.

இதெல்லாம் பேச உதவும். குழப்பம் வேறு இடத்தில். அலமாரியில் ஒரு தடித்த நோட்டு கிடைத்தது. 1961 முதல் 1979 வரை, வருடவாரியாக ஐந்தாம் ஸ்டாண்டர்டுப் பிள்ளைகளின் பெயர்கள். எதிரே கறுப்பு மையில் அப்பாவின் வேலை: கரும்பு வெட்டு, மாட்டு வண்டி, கடை, அப்பா இல்லை. அதற்கப்பால் சிவப்பு மையில் இரண்டு எழுத்து, பிள்ளை போய்ச் சேர்ந்த பள்ளியாக இருக்க வேண்டும். சிலருக்கு மட்டும் வட்டத்துக்குள் ‘20’ என்று இருக்கிறது. எண்ணினேன். 19 வருடத்தில் ஏழே பேர். மதிப்பெண்ணா? கொடுத்த கடனா? அடுத்த வீட்டுப் பாட்டியிடம் கேட்டதற்கு, சிரித்துவிட்டு “அதை விடு மகனே” என்று உள்ளே போய்விட்டார்.

அந்த 20 என்ன? இங்கே இறுதி ஆராதனையில் எப்படிப் பேசுவார்கள்? ஊரைப் பழைய ஆட்கள் ‘மிஷன்’ என்கிறார்களே, அது இந்தப் பிரெஸ்பிட்டேரியன் சபையை இங்கே தொடங்கிய கனடாக்காரர்களின் மிஷனால்தானா?


கரும்புத்தோட்டம் | திங்கள் காலை

முதலில் என் அனுதாபம். 14 வருடம் சான் ஃபெர்னாண்டோவில் இருந்தேன், இரண்டு பிள்ளைகளை அங்கே படிக்க வைத்தேன். அந்த 20 என்னவென்று எனக்கு நன்றாகவே தெரியும். அந்தப் பாட்டி ஏன் சிரித்தார் என்பதும் தெரியும்.

ஐம்பதுகளில் அங்கே இடைநிலைப் பள்ளி என்பது கட்டணம் கட்ட முடிந்தவர்களுக்கும், உதவித்தொகை வாங்கிய விரல்விட்டு எண்ணக்கூடிய பிள்ளைகளுக்கும்தான். நல்ல பள்ளிகளில் பெரும்பாலானவை சபைகளின் கையில். கத்தோலிக்கர், ஆங்கிலிக்கன், பிரெஸ்பிட்டேரியன், அப்புறம் இந்துக்களின் சனாதன தர்ம மகா சபையும் முஸ்லிம் அமைப்புகளும் பள்ளி கட்டினார்கள். 1960 டிசம்பரில் எரிக் வில்லியம்ஸ் அரசு இவர்களோடு ஒரு சமரசத்துக்கு வந்தது. ‘கான்கார்டட்’ என்பார்கள். ஆசிரியர் சம்பளத்தை அரசு கொடுக்கும், ஆனால் பள்ளி சபையிடமே இருக்கும், சபைக்கு ஒவ்வாத ஆசிரியரை அரசு திணிக்க முடியாது. இடைநிலைப் பள்ளியின் முதல் படிவத்தில் 80 சதவீத இடம் காமன் என்ட்ரன்ஸ் என்ற பொது நுழைவுத் தேர்வின் மதிப்பெண்படி. மிச்சம் 20 சதவீதத்தை, தேறிய பிள்ளைகளிலிருந்து பள்ளி முதல்வர் தானே தேர்ந்தெடுக்கலாம்.

அந்த 20-தான் இந்த 20. உங்கள் மிஸ்ஸின் நோட்டு 1961-இல் தொடங்குவதும் அதனால்தான், காமன் என்ட்ரன்ஸ் முதலில் நடந்த வருடம் அது. 2001-இல் அந்தத் தேர்வுக்கு எஸ்.இ.ஏ. என்று பெயர் மாறியது, 20 மட்டும் அப்படியே இருக்கிறது. இன்றைக்கும் அதை எடுக்க வேண்டும், கூடாது என்று அங்கே சண்டை ஓயவில்லை.

அப்போதெல்லாம் ஒரு பதினோரு வயதுப் பிள்ளையின் பெயர் முடிவு வரும் நாளில் செய்தித்தாளில் அச்சாகும். தெருவே படிக்கும். என் பெரியவள் 1997-இல் எழுதினாள். நினைத்த பள்ளி கிடைக்கவில்லை. அன்றைக்கு அலுவலகத்தில் என்னிடம் எல்லாரும் கேட்ட ஒரே கேள்வி, “யாரையாவது போய்ப் பார்த்தாயா?” நான் எந்தச் சபையிலும் இல்லை, யாரைப் போய்ப் பார்ப்பது? வேறு பள்ளிக்குப் போனாள், நன்றாகத்தான் இருக்கிறாள். ஆனால் அந்தக் கேள்வி இன்னும் காதில் இருக்கிறது.

ஞாயிறு பள்ளி நடத்தும் ஐந்தாம் ஸ்டாண்டர்டு டீச்சர் போய்ச் சொன்னால் முதல்வர் காது கொடுத்துக் கேட்பார். ஏழு பேருக்காக மிஸ் போயிருக்கிறார், அவ்வளவுதான். 19 வருடத்தில் ஏழு என்பது, நான் பார்த்த கணக்குகளோடு வைத்துப் பார்த்தால், மிகக் குறைவு.

ஒரே வேண்டுகோள். பேச்சில் இதைத் தொடாதீர்கள். ‘அவன் மார்க்கில் போனவன், இவள் 20-இல் போனவள்’ என்பது அந்த ஊர்களில் அறுபது வயதானாலும் ஆளைவிட்டுப் போகாது.


உபதேசியார் பேத்தி | திங்கள் மதியம்

மிஷன் கேள்விக்கு முதலில். இல்லை, கனடாக்காரர்களால் வந்த பெயர் இல்லை அது. ஸ்பானியர் காலத்தில் கப்புச்சின் துறவிகள் அங்கே பழங்குடி மக்களுக்காக ஒரு மிஷன் வைத்திருந்தார்கள், அந்தப் பெயர்தான் நின்றுவிட்டது. 1880-இல் விக்டோரியா ராணியின் பேரன்கள் இரண்டு பேர் வந்துபோன பிறகு பிரின்சஸ் டவுன் ஆனது. ஆங்கிலிக்கன் ஆலய வளாகத்தில் அவர்கள் நட்ட பூவி மரங்களை யாராவது உங்களுக்குக் காட்டியிருப்பார்களே?

கனடாக்காரர் கதையும் அந்தப் பக்கம்தான் தொடங்குகிறது. ஜான் மார்ட்டன் என்ற போதகர் நோவா ஸ்கோஷியாவிலிருந்து மனைவி சாராவோடு 1868 ஜனவரியில் வந்து, உங்கள் ஊருக்குப் பக்கத்து ஈயரி கிராமத்தில் குடியேறினார். 1845-இலிருந்து ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலில் வந்து இறங்கிக்கொண்டிருந்த இந்தியர்களின் பிள்ளைகளுக்கு அப்போது படிப்பு என்று ஒன்றும் இல்லை. இரண்டு வருடம் கழித்து வந்த கென்னத் கிராண்ட் சான் ஃபெர்னாண்டோவில் வேலையைத் தொடங்கினார். அங்கே இன்றும் இருக்கும் ஆலயத்தின் பெயர் சுசமாச்சார், நற்செய்தி என்று அர்த்தம். இந்தியர்களில் முதலில் குருப்பட்டம் பெற்றவர் லால் பிஹாரி, 1882-இல்.

நான் சொல்ல வந்தது இதைத்தான். போதகர்கள் மிகச் சிலர், தோட்டங்களோ நிறைய. எனவே யார் வாத்தியாரோ அவரே, போதகர் இல்லாத இடத்தில் சபையை நடத்தும் உபதேசியார். வெள்ளிக்கிழமை வரை சிலேட்டும் வாய்ப்பாடும், ஞாயிறு காலை அதே கட்டடத்தில் பெஞ்சுகளைத் திருப்பிப் போட்டால் ஆலயம். என் தாத்தா அப்படித்தான் இருந்தார், வேறொரு தேசத்தில், ஆகவே அதை விடுகிறேன். உங்கள் மிஸ்ஸை ‘ஆசிரியை, சபைத் தலைவியும்கூட’ என்று இரண்டாகப் பிரித்துப் பேசினால் அங்கே இருப்பவர்களுக்கு வேடிக்கையாக இருக்கும். அது ஒரே வேலை.

பெண் என்பதையும் மறக்க வேண்டாம். அறுவடைக் காலம் வந்தால் பெரிய பெண்ணைத் தம்பியைப் பார்த்துக்கொள்ள வீட்டில் நிறுத்திவிட்டு அம்மா கரும்புக்குப் போவாள். அங்கே பயிற்சி பெற்று ஆசிரியையான முதல் இந்திய வம்சாவளிப் பெண் என்று சொல்லப்படும் அன்னா மகாபீர்... இல்லை, மன்னிக்கவும், அன்னா மஹாஸி பிறந்ததே 1899-இல். சான் ஃபெர்னாண்டோவில் நாபரிமா பெண்கள் உயர்நிலைப் பள்ளி வந்தது 1912-இல். மிஸ் பிறந்தது 1932. அதாவது அவருக்கு முன்னால் டீச்சராக நின்ற இந்தியப் பெண்கள் குறைவுதான்.

20 பற்றிக் கரும்புத்தோட்டம் சொல்வதை நான் ஏற்கவில்லை. பெயர்களைச் சொல்ல வேண்டாம், சரி. ஆனால் யாருக்காகப் படியேறினார் என்பதைச் சொல்லாமல் விட்டால், அங்கே குழியில் இறங்குவது யாரோ ஒருவரின் சவப்பெட்டி. இரங்கல் உரை என்றாலே ஆளைச் சுண்ணாம்பு அடித்து வைத்துவிடுகிறார்கள். நீங்களும் அதைச் செய்யாதீர்கள்.


நாலுவரி | திங்கள் இரவு

ஐந்து நிமிடம் என்றால் நாலரை. எழுதி வைத்து வாசியுங்கள், மனப்பாடம் வேண்டாம், தொண்டை அடைக்கும். அச்சடித்த நிகழ்ச்சித் தாளில் பிறப்பு, படிப்பு, பதவி எல்லாம் வந்துவிடும், அதைத் திரும்பச் சொல்லாதீர்கள். ரிசீவ் கதை போதும்.


தெற்குக்காற்று | செவ்வாய், நள்ளிரவு தாண்டி

மூவருக்கும் நன்றி. பூவி மரம் பார்த்திருக்கிறேன். காட்டியதே மிஸ்தான். ஊரே இளவரசர் நட்ட மரம் என்று பெருமைப்படும். மிஸ் மட்டும் “ராணி பேரன் குழி தோண்டியிருக்க மாட்டான். தோண்டினவன் பெயர் என்ன, சொல்லு பார்ப்போம்” என்பார்.

இப்போதுதான் துக்க விழிப்பிலிருந்து கீழே வந்தேன். வீட்டுக்கு முன்னால் கூடாரம் போட்டு தினம் ராத்திரி கூட்டம். காப்பி, கிரிக்ஸ் பிஸ்கட், பாலாடைக்கட்டி. கூடார ஓரத்தில் ஆண்கள் மேசையைத் தட்டித் தட்டி ஆல் ஃபோர்ஸ் சீட்டு ஆடுகிறார்கள், நடுவில் ஜெபம், பாட்டு. ஆங்கிலப் பாட்டு இரண்டு முடிந்ததும் பஜன். இயேசுவைப் பற்றி இந்தியில் பஜன்! ஹார்மோனியம், டோலக், அப்புறம் தந்தால் என்று நீண்ட இரும்புக் கம்பி, அதை லாடம் மாதிரி வளைந்த துண்டால் தட்டுகிறார்கள். பாடுகிறவர்களில் பாதிப் பேருக்கு அர்த்தம் தெரியாது. மிஸ்ஸுக்கே அரைகுறைதான். ஆனால் ஒரு வரியும் தாள் பார்த்துப் பாடியதில்லை. ஹார்மோனியம் அவர் வாசிப்பதுதான். இன்றைக்கு அவர் இடத்தில், ஓய்வு பெற்ற நர்ஸ் ஒரு அம்மா உட்கார்ந்து வாசித்தார்.

பதினோரு மணிக்கு மேல் மகனிடம் நோட்டைக் காட்டினேன். 61-இலிருந்து மெதுவாகப் புரட்டிக்கொண்டு வந்தவர் 74-இல் நின்றார். அந்தப் பக்கத்தில் அவர் பெயரும் இருக்கிறது. நான் கவனிக்கவே இல்லை, ஏனென்றால் மற்ற பிள்ளைகள் மாதிரியே எழுதியிருக்கிறது. அப்பா வேலை என்ற இடத்தில் ‘எடை எழுத்தர்’. சொந்தக் கணவர்! சர்க்கரை ஆலையில் கரும்பு எடை போடும் இடத்தில் இருந்தவர். சிவப்பில் ‘ஜே.எஸ்.’. 20 இல்லை. அதே பக்கத்தில் அவருக்கு மூன்று பெயர் கீழே ஒரு பெண். ‘அப்பா இல்லை’. சிவப்பு எழுத்து. வட்டத்துக்குள் 20.

மகன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். பீர் கையில் இருந்தது, ஆனால் ஆள் நிதானமாகத்தான் இருந்தார்.

“மார்க் கொஞ்சம் குறைந்துவிட்டது. அப்பா மூன்று நாள் சாப்பிடாமல் அம்மாவிடம் கெஞ்சினார். ஒரு வார்த்தை, ஒரே வார்த்தை போய்ச் சொல்லு என்று. நாலாம் நாள் காலை அம்மா ஞாயிற்றுக்கிழமைத் தொப்பியைப் போட்டுக்கொண்டு சான் ஃபெர்னாண்டோ பஸ் ஏறினாள். அப்பா எனக்குப் புது ஷூ வாங்கக் கடைக்குப் போனார். சாயங்காலம் அம்மா வந்தாள், தொப்பியைக் கழற்றினாள், ‘அந்தப் பெண்ணுக்கு இடம் கிடைத்துவிட்டது’ என்றாள். எந்தப் பெண்? அப்பாவுக்குப் புரியவே இல்லை. ‘உன் மகனுக்கு?’ என்றார். ‘அவனுக்கு அம்மா அப்பா இரண்டு பேரும் இருக்கிறார்கள்’ என்றாள்.”

ஜே.எஸ். என்பது ஜூனியர் செகண்டரி. அரசு புதிதாகக் கட்டிய பள்ளிகள். இடம் போதாமல் காலை ஒரு கூட்டம், மதியம் ஒரு கூட்டம் என்று ஷிஃப்ட் வைத்து நடத்தினார்கள். இவருக்கு மதிய ஷிஃப்ட். காலையில் அம்மா பள்ளிக்குப் போகும்போது இவர் கேலரியில் உட்கார்ந்திருப்பார், புது ஷூ போட்டுக்கொண்டு. இரண்டு வருடம் அம்மாவிடம் தேவைக்கு மேல் பேசவில்லையாம். அப்புறம் வெல்டிங் கற்று, எண்ணெய் வயலில் வேலை பார்த்து, டொராண்டோ போய், இப்போது சொந்தப் பட்டறை. குறை ஒன்றுமில்லை. “மன்னித்துவிட்டீர்களா?” என்று நான் கேட்டிருக்கக் கூடாது, கேட்டுவிட்டேன். “தெரியவில்லை. அம்மா கேட்டதே இல்லையே” என்றார்.

பேச்சில் இதைச் சொல்லவா என்றேன். “பேசப்போவது நீ” என்று சொல்லிவிட்டு, சீட்டு மேசைக்குப் போய்விட்டார்.

உபதேசியார் பேத்தி சொன்ன மாதிரி, இதுதான் மிஸ் என்று ஒரு மனம் சொல்கிறது. இன்னொரு மனம், அந்தப் பெண் உயிரோடு ஆலயத்தில் உட்கார்ந்திருந்தால் என்ன ஆவது என்கிறது. ஒரு பக்கம் எரிச்சலும் வருகிறது, மறைப்பானேன். பதினோரு வயதுப் பையனிடம் இப்படி ஒரு கணக்குப் போட வேண்டுமா? போட்டதுதான் போட்டார், பஸ் ஏறும் முன்னால் வீட்டில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.


கரும்புத்தோட்டம் | செவ்வாய் காலை

படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எழுதத் தோன்றவில்லை.

என் கருத்து மாறவில்லை. சொல்லாதீர்கள். அந்தப் பெண்ணுக்காக மட்டும் இல்லை, மகனுக்காகவும். ஊர் முன்னால் ‘தியாகம் செய்யப்பட்ட மகன்’ ஆக்கிவிடுவீர்கள், ஆளாளுக்கு வந்து கையைப் பிடித்துக்கொள்வார்கள். அவர் உங்களிடம் சொன்னது சீட்டு மேசைக்குப் பக்கத்தில், ராத்திரி பதினோரு மணிக்கு. அது அங்கேயே இருக்கட்டும்.


உபதேசியார் பேத்தி | செவ்வாய் காலை

அவர் தடுக்கவில்லையே, கவனித்தீர்களா? “பேசப்போவது நீ” என்றால் வேண்டாம் என்று அர்த்தமில்லை. ஐம்பது வருடமாக யாராவது சொல்ல மாட்டார்களா என்று காத்திருக்கும் ஆளாகக்கூட இருக்கலாம்.

ஆனாலும் உங்கள் எரிச்சல் எனக்குப் புரிகிறது. என் பாட்டி சொல்வார், உபதேசியார் வீட்டில் கடைசியாகச் சோறு கிடைப்பது உபதேசியார் பிள்ளைகளுக்குத்தான் என்று. அதை அவர் பெருமையாகச் சொன்னதாக எனக்கு நினைவில்லை.


நாலுவரி | செவ்வாய் மாலை

தொப்பி, பஸ் இரண்டையும் சொல்லுங்கள். எதற்குப் போனார் என்பதை விடுங்கள். புரிகிறவருக்குப் புரியும்.


தெற்குக்காற்று | சனி மாலை

நடந்ததைச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

வியாழன் காலை வானொலியில் மரண அறிவிப்பு வந்தது. முழுப் பெயரை நிறுத்தி நிதானமாக வாசித்துவிட்டு, ‘டீச்சர் மிஸ் என்று நன்கு அறியப்பட்டவர்’ என்றார்கள். அப்போதுதான் அடுத்த தெருப் பையன்கள் சிலருக்கு மிஸ்ஸின் பெயரே தெரிந்தது. ஆலயத்தில் இடம் போதாமல் பாதிப் பேர் வெளியே மரத்தடியில். தொப்பி போட்ட பாட்டிகள், சீருடையில் பள்ளிப் பிள்ளைகள், பக்கத்துக் கோயில் பண்டிட், மசூதியிலிருந்து இரண்டு பேர். அவர்களும் மிஸ்ஸிடம் படித்தவர்கள்தான்.

இங்கே ‘நாலுவரி’ சொன்னபடிதான் செய்தேன். ரிசீவ் கதை சொன்னேன், சிரித்தார்கள். மூன்சாமி கதைக்கு மூன்றாவது பெஞ்சிலிருந்து அந்த அறுபது வயது மூன்சாமியே கையைத் தூக்கி “முனுசாமி!” என்று கத்தினார், இன்னும் சிரித்தார்கள். கடைசியில், ஒரு நாள் மிஸ் ஞாயிற்றுக்கிழமைத் தொப்பியைப் போட்டுக்கொண்டு ஒரு வாரநாளில் பஸ் ஏறினார், தனக்கு வேண்டியவர்களுக்காக இல்லை என்று மட்டும் சொல்லி நிறுத்தினேன். 20 என்ற எண்ணை வாயில் எடுக்கவில்லை. அந்த இடத்தில் ஆலயம் ஒரு மாதிரி அமைதியாகிவிட்டது. நான் தாளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். நாலு நிமிடம் ஐம்பது வினாடி.

நான் பேச நின்ற இடத்திலிருந்து ஆறடியில் ஹார்மோனியம், அந்த நர்ஸ் அம்மா. புதன்கிழமை நோட்டைத் திரும்பப் பார்த்தபோதுதான் அவர் பெயர் எனக்கு உறைத்தது. 74. மூன்று பெயர் கீழே. மேடை ஏறும் வரை நான் வேர்த்தது அதனால்தான்.

அடக்கம் முடிந்து எல்லாரும் போன பிறகு மகனும் நானும் கேலரியில் உட்கார்ந்திருந்தோம். மேலே, மிஸ் சொல்லி நான் மாட்டிய அந்தப் பல்பு.

“ஏன் முழுசாகச் சொல்லவில்லை?” என்றார்.

“ஹார்மோனியக்கார அம்மா முன்னாலேயே உட்கார்ந்திருந்தார். எப்படிச் சொல்வேன்?”

அவர் சிரித்தார். அடுத்த வீட்டுப் பாட்டி சிரித்த அதே சிரிப்பு. “அவளுக்குத் தெரியும். எனக்குத் தெரியும். மிஷன் முழுக்க ஐம்பது வருடமாகத் தெரியும். யாருக்கும் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தது அம்மா மட்டும்தான்.”

நோட்டை அவர் டொராண்டோவுக்கு எடுத்துப்போகவில்லை. அந்த அம்மாவிடம் கொடுத்துவிட்டார். வீட்டை என்ன செய்வது என்று இன்னும் முடிவாகவில்லை, அதுவரை நான் கீழேயே இருக்கலாம் என்றார். இந்த மாத வாடகைச் சீட்டை எழுதி வைத்திருக்கிறேன், யாரிடம் கொடுப்பது என்றுதான் தெரியவில்லை.